தேய்ந்த பிக்கப் எஞ்சினை வீட்டுக் கொட்டகையில் கட்டலாமா? செம்மண் தடத்தில் ஓடும் வண்டிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம் இது. காரைக்குடி, தேவகோட்டை பக்கம் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஏற்றி ஓடும் பொலிரோ பிக்கப், 2523 சிசி டீசல். இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் குறைகிறது. சுமையோடு இழுக்கும்போது நீலப்புகை, காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நாங்களே எஞ்சினைக் கட்டலாமா?

கட்டலாம் தம்பி. போர் அடிப்பது (சிலிண்டரின் உள்துளையைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டைச் சாணை பிடிப்பது), வால்வு சீட் வெட்டுவது (வால்வு உட்காரும் விளிம்பைச் சீர்செய்வது) ஆகிய மூன்றுக்கும் காரைக்குடியிலோ மதுரையிலோ திருச்சியிலோ நல்ல பட்டறைக்குத்தான் போக வேண்டும். கழற்றுவதும் கழுவுவதும் அளப்பதும் பூட்டுவதும் வீட்டில் ஆகிற வேலைதான். ஆனால் முதல் நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இந்த எஞ்சின் எதனால் தேய்ந்தது என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் கட்டிய எஞ்சின், அதே காரணத்தால் ஒரு வருடத்தில் மறுபடி புகைக்கும்.

உங்கள் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தூசி. செம்மண் தடத்தில் முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதியில் கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் இருக்கிறது. அது இரும்பை அரம்போல் ராவும். ஏர் ஃபில்டரில் இருந்து டர்போவுக்கு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. கிளாம்ப் தளர்ந்திருக்கும், குழாயின் மடிப்பில் வெடிப்பு இருக்கும், அல்லது ஃபில்டர் காகிதம் கிழிந்திருக்கும். ஃபில்டரை வெளிப்பக்கம் இருந்து கம்ப்ரசர் காற்றால் ஊதுவதும் தரையில் தட்டுவதும் இங்கே பரவலான வழக்கம். இரண்டுமே காகிதத்தைக் கிழிக்கும். டர்போவின் காற்றுப்பக்கச் சக்கரத்தையும் பாருங்கள். இறக்கைகளின் ஓரம் மழுங்கித் தேய்ந்திருந்தால் தூசி வெகுகாலமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

எஞ்சினைத் திறந்த பிறகும் இதே சாட்சியைப் படிக்கலாம். காற்று வழியாக வந்த தூசி பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களில் மேல் ரிங்கையும் சிலிண்டரின் மேல்பகுதியையும்தான் அதிகம் தின்னும். சுவர் மங்கிய சாம்பல் நிறத்தில், நெட்டுக்குத்தான கீறல்களோடு இருக்கும். ஆயில் வழியாக வந்த அழுக்கு என்றால் பேரிங்கும் ஆயில் ரிங்கும் அதிகம் தேய்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

திறப்பதற்கு முன் இன்னும் சில சோதனைகள். நீலப்புகை என்றாலே ரிங் என்று முடிவு கட்ட வேண்டாம். இரவெல்லாம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் நீலமாக ஊதிவிட்டுத் தெளிந்தால் வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்தான் காரணம். சுமையில் விடாமல் வந்தால் ரிங், அல்லது டர்போ. டர்போவில் இருந்து வரும் குழாயில் ஆயில் தேங்கி, ஷாஃப்ட்டைப் பிடித்து அசைத்தால் சக்கரம் உறையில் உரசுகிறது என்றால் டர்போவை முதலில் சரிபார்க்க வேண்டும். அதை மட்டும் மாற்றி வண்டி பிழைத்ததும் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். மூடி குதித்தால் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே வருகிறது, அதாவது ரிங்கும் போரும் போய்விட்டன.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அழுத்தம், பார்க்க டீசல் கேஜ்தான் வேண்டும். பெட்ரோல் கேஜ் அந்த அழுத்தத்தைத் தாங்காது. நல்ல நிலையில் இருக்கும் டீசல் எஞ்சின் 25 பார், அதற்கு மேலும் காட்டும். 20-க்குக் கீழே போனால் காலை ஸ்டார்ட்டிங் கஷ்டம்தான். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் கோளாறுதான். பெட்ரோல் எஞ்சினுக்குச் செய்வதுபோல ஆயில் ஊற்றி மறுபடி அளப்பதை டீசலில் நம்பாதீர்கள். எரியும் அறை மிகச் சிறியது. கொஞ்சம் ஆயில் விழுந்தாலே இடம் குறைந்து, அளவு பொய்யாக ஏறும். அதிகம் ஊற்றினால் கன்ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) வளையும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குள் வளவு முற்றத்திலோ பட்டாலைக் கூடத்திலோ எஞ்சினை இறக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்டும் மணலும் சேர்த்து வார்த்தது. டீசலையும் ஆயிலையும் அப்படியே குடித்துவிடும், அந்தக் கறை பிறகு போகாது. பழைய தேக்கு உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டவும் வேண்டாம். அது கூரையைத் தாங்கத்தான் போட்டது. எஞ்சின் கால் டன் பக்கம் இருக்கும். இரும்புக் குழாயில் முக்காலி கட்டி, ஒரு டன் செயின் பிளாக் மாட்டுங்கள். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கை, கால் எதுவும் போகக் கூடாது. ஆடிக் காற்று வீசும் நாளில் பூட்டும் வேலையை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) முடிந்த சிலிண்டர் ஒரே இரவில் துருப்பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரியைக் கழற்றி, தண்ணீரும் ஆயிலும் வடித்து, ஒவ்வொரு ஒயர் முனையையும் குழாயையும் படம் எடுத்துச் சீட்டு கட்டிய பிறகு எஞ்சினை வெளியே எடுங்கள். வடித்த ஆயிலைக் கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். வாய்க்காலில் ஊற்றினால் அது ஊருணிக்குத்தான் போய்ச் சேரும். காமன் ரெயில் (உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக்குழாயில் இருந்து பிரித்துக் கொடுக்கும்) வண்டியாக இருந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் சிலிண்டர் எண்ணை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு, இடம் மாறினால் ஓட்டம் கெடும். டீசல் குழாய் முனைகளை உடனே மூடுங்கள். ஒரு தூசித் துகள் போதும், இன்ஜெக்டர் கெட்டுப்போக. புஷ் ராட், டேப்பட், அவை திறக்கும் வால்வு எல்லாம் எந்த இடத்தில் இருந்து வந்தனவோ அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகச் செருகி வைத்தால் குழப்பமே வராது. பேரிங்கைப் பிடித்திருக்கும் கன்ராட் கேப்பும் மெயின் கேப்பும் ஜோடி மாறவே கூடாது. எண் குத்தியிருக்கிறதா என்று கழற்றும் முன்பே பாருங்கள். பிஸ்டனை மேலே தள்ளும் முன் சிலிண்டர் விளிம்பில் கார்பன் மேட்டை எடுத்துவிடுங்கள். கன்ராட் போல்ட்டில் சின்ன ரப்பர் குழாய் மாட்டினால் ஜர்னலில் (கிராங்க்கில் பேரிங் பிடிக்கும் உருளைப் பகுதி) கீறல் விழாது.

இனி அளவு. இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இந்த எஞ்சினின் போர் (உள்துளை விட்டம்) 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 101.6 மி.மீ. அங்குலத்தில் சொன்னால் சரியாக மூன்றரையும் நான்கும். பட்டறையில் இன்னும் தௌ கணக்கில் பேசுவார்கள். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. பத்து தௌ ஏறக்குறைய 0.25, இருபது தௌ ஏறக்குறைய 0.50.

போர் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் மூன்று உயரத்தில் அளக்க வேண்டும்: மேல் ரிங் திரும்பும் இடம், நடு, அடி. ஒவ்வொரு உயரத்திலும் கிராங்க் நீளவாட்டில் ஒன்று, குறுக்கில் ஒன்று என்று இரண்டு அளவு. நான்கு சிலிண்டருக்கு 24 எண்கள். நோட்டில் எழுதுங்கள். தேய்மானம் எப்போதும் மேலே, குறுக்குவாட்டில்தான் அதிகம். மேலுக்கும் அடிக்கும் வித்தியாசம் 0.10 மி.மீ. தாண்டினால் புது ரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. தேய்ந்த கூம்பில் ரிங் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கும், சில மாதத்தில் உடையும். ‘ரிங் மட்டும் மாத்திட்டா ஓடும்’ என்று சொல்பவர் போரை அளந்தாரா என்று கேளுங்கள்.

போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, சிலிண்டருக்குள் புது லைனர் குழாய் இறக்குவதா என்பது பிளாக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே ஒரு முறை போர் அடித்திருந்தால் பிஸ்டன் தலையில் 0.25 அல்லது 0.50 என்று குத்தியிருக்கும். எதுவானாலும் பிஸ்டனை முதலில் வாங்கி, அந்தப் பிஸ்டன்களையே பட்டறையில் கொடுத்துப் போர் அடிக்கச் சொல்லுங்கள். ‘அண்ணே, இந்தப் பிஸ்டனை அடிப்பக்க ஸ்கர்ட்டில் அளந்து, பெட்டியில் போட்டிருக்கிற கிளியரன்ஸ் இடைவெளி வையுங்க. கடைசி நாலைந்து நூறிலொரு மில்லியை ஹோனிங்கிலேயே எடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். ஹோனிங் கோடுகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டி, கோலத்தின் கட்டம் போலச் சிலிண்டர் முழுவதும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஆயில் நிற்பது அந்தக் கோடுகளில்தான். பிளாக் வீட்டுக்கு வந்ததும் அதே 24 அளவையும் மறுபடி எடுங்கள். பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல பட்டறைக்காரர் மகிழ்ச்சிதான் அடைவார்.

கிராங்க்கில் ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் இரண்டு திசையில் அளங்கள். 0.02, 0.03 மி.மீ. நீள்வட்டம் வந்துவிட்டாலோ, நகத்தில் தட்டுகிற கோடு இருந்தாலோ கிரைண்டிங் போட வேண்டியதுதான். அப்போது மெலிந்த ஜர்னலுக்கேற்ற 0.25 அண்டர்சைஸ் பேரிங். ஜர்னல் பக்கச் சுவரைச் சேரும் மூலையில் உள்ள வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். அதைக் கூராக வெட்டிவிட்டால் சுமை வண்டியில் கிராங்க் அந்த மூலையில்தான் முறியும். கிரைண்டிங் முடிந்ததும் கிராங்க்குக்குள் இருக்கும் ஆயில் துளைகளை நீளமான பிரஷ் விட்டுக் கழுவுங்கள். கிரைண்டிங் தூள் உள்ளே தங்கினால் புது பேரிங்குக்கு முதல் பத்து நிமிடத்திலேயே முடிவு.

பேரிங் கிளியரன்ஸுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஜர்னலின் ஒவ்வொரு அங்குல விட்டத்துக்கும் ஒரு தௌ. 60 மி.மீ. ஜர்னல் என்றால் 0.05-இல் இருந்து 0.07 வரை. நசுங்கும் பிளாஸ்டிகேஜ் நூலை ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் வைத்து, எண்ணெய் இல்லாமல், முழு டார்க்கில் (மேனுவல் சொல்லும் இறுக்க அளவு) இறுக்கிக் கழற்றினால் நசுங்கிய அகலம் அளவைச் சொல்லும். நூல் இருக்கும்போது கிராங்க்கைச் சுற்றக் கூடாது. கிளியரன்ஸ் அதிகமாக இருக்கிறது என்று கேப்பை அரத்தால் ராவுவதும், ஷெல்லுக்கு (பேரிங்கின் அரைவட்டத் தகடு) பின்னால் காகிதமோ தகடோ வைப்பதும் எஞ்சினைக் கொல்லும் வேலை. ஷெல்லின் சூடு பிளாக்குக்குப் போக வழியில்லாமல் உருகி ஒட்டிக்கொள்ளும்.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்பும் முன் நேர்க்கட்டையும் பில்லர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள். 0.10 தகடு எங்கே நுழைந்தாலும் மட்டம் போயிற்று. இரண்டு வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு உண்டா என்று பார்க்கச் சொல்லி, தண்ணீர் அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். சூடேறி நின்ற வண்டி என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது. வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடில் ஆட்டம் இருந்தால் சீல் மட்டும் மாற்றுவது வீண். சீட் வெட்டியதும் வால்வு முகம் ஹெட் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். மிக ஆழமானால் கம்ப்ரஷன் குறையும், ஹெட்டை அதிகம் சீவினால் வால்வு பிஸ்டனில் தட்டும்.

உங்கள் பக்கத்தில் போர்வெல் தண்ணீர் உப்பு. ரேடியேட்டரில் பல ஆண்டு அதையே ஊற்றியிருந்தால் பிளாக்கின் நீர்வழியில் சுண்ணாம்புப் படிவு கட்டியாக இருக்கும், பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றி அதிகமாக. பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகடு மூடிகளைக் கழற்றி, கம்பியால் சுரண்டி, அழுத்தத் தண்ணீர் அடியுங்கள். புது மூடி போடுங்கள். காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பது இரும்பு பிளாக்குக்கு மட்டும்தான். அலுமினியப் பாகம் எதைப் போட்டாலும் காஸ்டிக் அதை அரித்துக் கரைத்துவிடும்.

கழுவுவதைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஹோனிங் தூள் டீசலில் கழுவினால் போகாது. டீசல் அதைக் கோடுகளுக்குள் இன்னும் இறக்கிவிடும். சூடான தண்ணீர், துணி துவைக்கும் பவுடர், நைலான் பிரஷ்: ஒவ்வொரு சிலிண்டரையும் பத்து நிமிடம் தேய்க்க வேண்டும். ஆயில் பாதையின் பிளக்குகளை எல்லாம் கழற்றி, இந்தப் பக்கம் விட்ட தண்ணீர் அந்தப் பக்கம் தெளிவாக வரும்வரை விடுங்கள். பிறகு ஆயில் தொட்ட வெள்ளை வேட்டித் துணியால் சிலிண்டரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி சோப்பு. வெள்ளையாகவே வந்தால் உடனே ஆயில் பூசி, பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். பனியன் வேஸ்ட் இந்த இடத்தில் வேண்டாம், நூல் உதிரும். பேரிங் உருகியிருந்த எஞ்சின் என்றால் ஆயில் கூலரைப் புதிதாக மாற்றுங்கள். அதற்குள் சிக்கிய உலோகத் தூளை வீட்டில் முழுதாக எடுக்க முடியாது.

பூட்டும்போது டார்க் எண்களை உங்கள் மாடலின் மேனுவலில் இருந்து மட்டும் எடுங்கள். ஒரே 2523 சிசி என்றாலும் பழைய டிஐ, காமன் ரெயில் என்ற இரண்டு மாடலில் ஒன்றின் எண்ணை மற்றதில் போடாதீர்கள். கன்ராட் போல்ட்டும் ஹெட் போல்ட்டும் புதிது வாங்குங்கள். ஹெட் போல்ட் இறங்கும் துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறுகும்போது அழுத்தம் போக வழியின்றிப் பிளாக் வெடிக்கும். ஒவ்வொரு துளையையும் ஊதிக் காயவையுங்கள்.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன் சிலிண்டரில் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இடைவெளியைப் பில்லர் கேஜால் பாருங்கள். 88.9 போருக்கு மேல் ரிங்கில் 0.35 மி.மீ., அதாவது 14 தௌ பக்கம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிச் சிலிண்டரைக் கிழிக்கும். அரத்தால் ஒரே திசையில், உள்நோக்கி ராவுங்கள். எழுத்தோ புள்ளியோ உள்ள முகம் மேலே. மூன்று ரிங்கின் வாய்களும் ஒரே நேரில் இல்லாமல் சுற்றிலும் பிரிந்து நிற்கட்டும். பிஸ்டனின் அம்பு வண்டியின் முன்பக்கம். பிஸ்டனைத் தட்டும்போது மரப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். எங்காவது நின்றுவிட்டால் ஒரு ரிங் வெளியே பிதுங்கியிருக்கிறது. ஓங்கி அடித்தால் அது உடையும். ஒவ்வொரு பிஸ்டனை மாட்டிய பிறகும் கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். திடீரென்று இறுகினால் கடைசியாகப் பூட்டியதில்தான் தவறு, அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே போடும் ஹெட் பேக்கிங் வெவ்வேறு தடிமனில் வரும் மாடல் என்றால், பிஸ்டன் மேல்நிலையில் பிளாக் மட்டத்துக்கு எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று டயல் கேஜால் அளந்து அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். பழையதன் தடிமனையே வாங்குவது, பிளாக்கைச் சீவிய பிறகு பொருந்தாது. டைமிங் கியர் குறிகளைச் சேர்த்ததும் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். டீசல் போகாதபடி துண்டித்து, பத்து விநாடி வீதம் ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு தட்டைப் பலகை வைத்திருங்கள். எஞ்சின் ஆயிலைக் குடித்துத் தறிகெட்டு ஏறினால் காற்று நுழையும் வாயைப் பலகையால் மூடினால்தான் நிற்கும். கையால் மூடப் போகாதீர்கள். காமன் ரெயில் குழாயை ஓட்டத்தில் தளர்த்தவும் கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். கிளம்பியதும் ஐந்து விநாடிக்குள் ஆயில் அழுத்தம் வராவிட்டால் நிறுத்துங்கள். வந்தால் 1500 சுற்றில் இருபது நிமிடம் ஓடட்டும். புது ரிங்கை வெறும் ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிட்டால் சிலிண்டர் கண்ணாடிபோல் பளபளத்துப்போகும். பிறகு ரிங் உட்காரவே உட்காராது.

முதல் 500 கிலோமீட்டர் பாதிச் சுமைதான். காரைக்குடி – புதுக்கோட்டைச் சாலையில் மூன்றாம் கியரில் 30-இல் இருந்து 60 வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்கவிடுங்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. ரிங்கை வெளியே தள்ளி உட்கார வைப்பது எரியும் அழுத்தம்தான். டாப் கியரில் முக்கவிட்டு இழுக்காதீர்கள். ரேடியேட்டரில் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் மட்டும். 500-இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துக் காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் தூள் இயல்பு, செம்பு நிறச் செதில் இருந்தால் பேரிங்கைத் திறக்க வேண்டும். 1000-இல் டேப்பட் இடைவெளி பாருங்கள். 2000-இல் மறுபடி ஆயில் மாற்றும்போது, டர்போவுக்குப் போகும் அந்த ரப்பர் குழாயை இன்னொரு முறை கழற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் அன்றைக்குச் சுமை ஏற்ற வேண்டாம், கிளாம்ப்பை மாற்றிவிட்டு எடுங்கள்.